பிரேக்கம்மா கண்டுபிடித்த வளைவு

பிரேக்கம்மா உட்கார்ந்தாலும் அவளுடைய வலது கால் உட்காராது. சாப்பாட்டு மேசையில் எதிரே இருக்கும் புருஷன் தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டினால்கூட, ஏதோ லாரிக்குக் குறுக்கே மனிதர் போகிறார் என்பதுபோல அந்தக் கால் தரையை ஓர் அழுத்து அழுத்திவிட்டுத்தான் ஓயும். மேசைக்கு அடியில் அந்த இடத்தில் மட்டும் தரையின் பளபளப்பு போய்விட்டது. பத்தொன்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் காரின் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். ஸ்டீயரிங் பழகுகிறவர் கையில், உயிர் மட்டும் இவளுடையது. இவளுக்கென்று காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக், அவ்வளவுதான் சொத்து. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவள் பிரேக்கம்மா.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எழுபது வருஷத்துக்கு முன்னால் நடந்த போரில் யாரோ எடுத்த லாரி, ஜீப், டாங்கிப் படங்களைப் பார்த்து, அவை எந்தத் தெருவில், எந்த வளைவில் எடுத்தவை என்று கண்டுபிடிக்கிற பைத்தியம். இதற்கென்றே போனில் ஒரு கூட்டம் இருக்கிறது. முப்பது பேர் தேறும். பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள், மீதிப் பேர் ரிட்டயர் ஆகியிருக்க வேண்டியவர்கள். அதில் ஒரு பழைய சர்வேயர் அறுபத்தோரு வயதில் இவளிடம் கார் பழக வந்தார். முறை வரும்வரை பொழுது போகாமல் போனில் ஒரு ஜீப் படத்தைக் காட்டினார். இவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டாவது கியர் ஏத்தம். மூணுல போட்டா திணறும்" என்றாள். அவர் ஊரில் உள்ள ஏற்றங்களை எல்லாம் சரிவு அளந்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஜீப் நின்ற இடம் தெரிந்துவிட்டது. சர்வேயர் கார் பழகினாரோ இல்லையோ, பிரேக்கம்மா கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. படம் கையில் வந்ததும் இடத்தைத் தேடாதே, முதலில் படம் நேராக இருக்கிறதா என்று பார். அந்தக் காலத்தில் நெகட்டிவைப் புரட்டிப் போட்டுப் பிரின்ட் எடுத்துவிடுவார்கள். இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். பலகையில் எழுத்து இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தே இல்லாத படம் என்றால் எல்லோரும் பிரேக்கம்மாவைத்தான் கேட்பார்கள். அவள் ஸ்டீயரிங்கைப் பார்ப்பாள். இந்த நாட்டு ராணுவ லாரி எதுவானாலும் ஸ்டீயரிங் வலப்பக்கம். படத்தில் இடப்பக்கம் தெரிந்தால் படம் புரண்டிருக்கிறது, விரலால் ஒரு தட்டு தட்டித் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சர்வேயர் ஒரு பெரியம்மாவை அழைத்து வந்தார். அப்போது அவளுக்கு அறுபத்து மூன்று. கையில் பழுப்பு உறை, உறைக்குள் உள்ளங்கை அளவில் ஒரு படம். ஏற்றத்தில் ஒரு லாரி நிற்கிறது. முன்னால் நான்கு சிப்பாய்கள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர், அதில் தண்ணீர் வடிய மூன்று ஓட்டைகள். பின்னால் உச்சியில் வெட்டுப்பட்ட மாதிரி ஒரு மலை. லாரி ஜன்னலில் ஒரு முழங்கை. அந்த முழங்கைதான் பெரியம்மாவின் அப்பா. அவள் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது லாரி ஓட்டப் போனவர், திரும்பி வரவில்லை. வேறு படம் கிடையாது. முகம் தெரியாது.

படத்தின் பின்னால் அவருடைய சிநேகிதர் பென்சிலால் எழுதியிருந்தார். 'உங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கச் சொன்னேன், மாட்டேன் என்று கையை மட்டும் நீட்டினார். மறுநாள் காலை இதே வளைவில் வண்டி கண்ணிவெடியில் ஏறிவிட்டது. ஐந்து பேரையும் பாலத்துச் சுவருக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். இடத்தின் பெயர் எங்களுக்குச் சொல்லவில்லை.'

"எந்த வளைவுன்னு தெரிஞ்சா போதும்மா. ஒரு தரம் போய் நின்னுட்டு வந்துடுவேன்" என்றாள் பெரியம்மா.

பிரேக்கம்மா படத்தைப் போனில் பிடித்து, ஸ்டீயரிங் இடப்பக்கம் இருப்பதைப் பார்த்து, யோசிக்கக்கூட இல்லை, ஒரு தட்டு தட்டித் திருப்பினாள்.

"படத்தைத் திருப்பினா எங்கப்பாவும் திரும்பிடுவாரே?" என்று பெரியம்மா கேட்டாள்.

"இப்பதான் பெரியம்மா அவர் சரியான பக்கம் உக்காந்திருக்கார்" என்று பிரேக்கம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பின்னாளில் நன்றாக ஞாபகம் வந்தது.

திருப்பிய படத்தைப் பார்த்ததுமே அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. அந்த மலையை எங்கோ பார்த்திருக்கிறோம், தினம் பார்க்கிறோம் என்று தோன்றியது. பதினோராம் நாள் கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள வளைவு. ஏறும்போது மேடு இடப்பக்கம், பாலச் சுவர் வலப்பக்கம், சரிவும் அச்சாக அதே சரிவு. மலை தெரியவில்லை, ஏனென்றால் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்று மறைத்தது. சுவரில் ஓட்டை இரண்டுதான் இருந்தது. "மூணாவதைப் பூசி அடைச்சிருப்பாங்க" என்றாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இவள் முயலுக்கு இரண்டே ஓட்டை. கூட்டத்தில் இருபத்தெட்டுப் பேர் கை தட்டுகிற படம் போட்டார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு தரம் நின்றுவிட்டு வருவேன் என்ற பெரியம்மா மாதத்தில் முதல் ஞாயிறு தவறாமல் போனாள். அழைத்துப் போனது பிரேக்கம்மாதான். பெரியம்மா பின் சீட்டில்தான் உட்காருவாள், முன்னால் உட்கார்ந்தால் பெடல் காலை இடிக்கிறதாம். வளைவில் இறங்கி, சுவருக்குப் பக்கத்தில் நின்று, அப்பாவிடம் பேசுவாள். அழுகையும் கிடையாது, கும்பிடும் கிடையாது, வெறும் வீட்டுச் சமாச்சாரம். குழாய் ஒழுகுகிறது, ஆள் வந்தான், பார்த்தான், மறுபடி ஒழுகுகிறது. மருமகள் நல்லவள்தான், ஆனால் போனை வைக்க மாட்டேன் என்கிறாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறான். பிரேக்கம்மா காரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் தாய் தகப்பன் இல்லாதவள். அந்த அரை மணி நேரம் அவள் கால் சும்மா இருக்கும்.

இப்போது பெரியம்மாவுக்கு எழுபத்தொன்று. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரேயடியாகக் கூப்பிட்டுக்கொண்டான். வியாழக்கிழமை பயணம். அதற்கு முந்தைய ஞாயிறு பிரேக்கம்மா பெட்டி கட்ட உதவிக்குப் போனபோது, சுவரில் மாட்டியிருந்த பெரிய சட்டத்தைப் பெரியம்மா எடுத்துக் கொடுத்தாள். பிரேக்கம்மாவே பெரிதாக்கிக் கொடுத்த, திருப்பிய படம்.

"இதை நீ வச்சுக்க. கண்ணாடி உடையும்னு மகன் கத்துறான். எனக்குக் கையளவுப் படம் இருக்கு, போதும். புதன்கிழமை மட்டும் ஒரு நடை கூட்டிட்டுப் போ. சுவர் ஓரத்துலேர்ந்து கொஞ்சம் மண்ணு எடுத்துக்கணும்." மாத்திரை டப்பா ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

பிரேக்கம்மாவின் புருஷன் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. மனைவியின் படப் பைத்தியத்தை அவர் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. போனில் காட்டினால், "லாரியா? நல்லா இருக்கு" என்று ஊசியில் நூல் கோர்ப்பார். அன்று மத்தியானம் சட்டத்தை மாட்ட ஆணி அடித்துவிட்டு, தூசு தட்டத் துணியோடு பக்கத்தில் போனவர் அப்படியே நின்றார்.

"ஏம்மா, இந்தப் பசங்க ஏன் பொம்பளை சட்டை போட்டிருக்காங்க?"

"என்னது?"

"பொத்தான் பட்டையைப் பாரு. ஆம்பளைச் சட்டைக்கு இடப்பக்கத் துணி மேல வரும், பொத்தான் வலப்பக்கம். இவங்களுக்கு மாறி இருக்கு."

"சண்டை நேரத்துல கிடைச்சதைப் போட்டிருப்பாங்க."

"நாலு பேருக்குமா?" என்றார் தையல்காரர். "ஒருத்தன்னா தையக்காரன் தூங்கிட்டான்னு சொல்லலாம். நாலும் தப்புன்னா தப்பு சட்டையில இல்ல."

அவர் பாட்டுக்குத் தூசு தட்டிவிட்டுத் தைக்கப் போய்விட்டார். பிரேக்கம்மா போனை எடுத்து, எட்டு வருஷத்துக்கு முன் செய்த அதே தட்டை மறுபடி தட்டினாள். படம் பழையபடி திரும்பியது. நான்கு சட்டையும் ஆண்பிள்ளைச் சட்டையாயின. ஸ்டீயரிங் இடப்பக்கம் போய் உட்கார்ந்தது.

லாரிக் கதவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கதவில் ஒரு கறுப்புத் திட்டு. சேறு என்று அன்றைக்கு நினைத்தது. சேற்றுக்கு எங்கேயாவது நாலு மூலை இருக்குமா? எதையோ அழிக்கச் சதுரமாகப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். சர்வேயருக்குச் செய்தி அனுப்பினாள். எதிரி லாரியை நம்மவர்கள் பிடித்து ஓட்டியது உண்டா? உடனே பதில் வந்தது. 'ஏன் இல்லை, பிடித்த அன்றே சின்னத்தை அழித்து ஓட்டுவார்கள். அவர்கள் வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். எதற்குக் கேட்கிறாய்?' அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

படம் புரளவே இல்லை. புரட்டியது அவள். கூட்டத்தில் வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் தயங்கியிருப்பார்கள். ஸ்டீயரிங்கிலேயே வாழ்ந்தவளுக்குத்தான் ஸ்டீயரிங் கண்ணை மறைத்தது. எட்டு வருஷம், தொண்ணூற்றுச் சொச்சம் ஞாயிறு, ஒரு மகளைச் சம்பந்தமில்லாத சுவரிடம் கொண்டுபோய் நிறுத்திப் பேச வைத்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, நிற்க எதுவும் இல்லை.

திங்கள் காலை மருந்துக்கடைக்காரருக்கு வகுப்பு. ஐம்பது வயது மனிதர், மாத்திரையில் புலி, கிளட்ச்சில் எலி. ஏற்றத்தில் வண்டியை நிறுத்திக் கிளப்பப் பழக, வழக்கம்போலக் கல்லுடைக்கிற ரோட்டு ஏற்றத்துக்குக் கூட்டிப் போனாள். பத்தொன்பது வருஷமாக அவளிடம் பழகிய அத்தனை பேரும் அங்கேதான் வியர்த்தார்கள். வண்டி இடப்பக்கம் ஓரம் கட்டியது. வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கினாள். அந்தக் கல்லை அவள் அங்கேயே வைத்திருப்பாள். பாலச் சுவரில் நடு ஓட்டைக்குள் கையை விட்டால் இருக்கும்.

நடு ஓட்டை. கையை உள்ளே விட்டபடியே நின்றுவிட்டாள்.

இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கை இருக்கிறது நடுவில். ஏறும்போது சுவர் இடப்பக்கம், மேடு வலப்பக்கம். போய் வண்டியில் ஏறித் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். பழகுகிறவரை நம்பாமல் அவள் தனக்கென்று மாட்டிக்கொண்ட கண்ணாடி அது. பின்னால் வெட்டுப்பட்ட உச்சியோடு மலை தெரிந்தது, வீட்டில் சட்டத்துக்குள் இருக்கிற அதே மலை. கழுத்தைத் திருப்பி நேராகப் பார்த்தாள். இப்போது வெட்டு அடுத்த பக்கம் இருந்தது, பெரியம்மாவின் உறைக்குள் இருக்கிற சின்னப் படத்தைப் போலவே. தினம் பார்த்த மலைதான். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, புரண்ட மலையே அவளுக்கு நிஜ மலையாகிவிட்டது. அதனால்தான் புரட்டிய படத்தைப் பார்த்ததும் மனசு அப்படி அடித்துக்கொண்டது.

"மேடம், நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நீங்க இல்லை" என்றாள்.

அன்று மிச்ச வகுப்பை ரத்து செய்தாள். நேரே தண்ணீர்த் தொட்டி வளைவுக்குப் போய், மூன்றாவது ஓட்டை இருக்க வேண்டிய இடத்தைச் சாவியால் சுரண்டினாள். பூச்சே இல்லை, முழுக் கருங்கல். வீட்டுக்கு வந்து காரைக் கழுவினாள். செவ்வாய்க்கிழமை மறுபடி கழுவினாள். பெரியம்மாவுக்கு இரண்டு தரம் போன் போட்டு, ஒரு மணி அடித்ததுமே வைத்தாள். மூன்றாவது தரம் பெரியம்மாவே எடுத்து, "என்னடி, பூனை மாதிரி பிராண்டுற? நாளைக்கு ஒன்பது மணிக்குத்தானே?" என்றாள். இவள், "ஆமாம் பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்ததைப் புருஷன்தான் வந்து பார்த்தார்.

"ஏங்க, நீங்க அளவு தப்பா வெட்டிட்டா என்ன பண்ணுவீங்க? கஸ்டமர்கிட்ட சொல்வீங்களா?"

தையல்காரர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சொல்ல மாட்டேன். உள்தையலைப் பிரிச்சு, கொஞ்சம் இழுத்து விட்டுச் சரி பண்ணிடுவேன். யாருக்கும் தெரியாது."

"இதுல உள்தையல் இல்லீங்க."

"அப்ப எதுக்குச் சொல்லணும்? அந்தம்மா நாளன்னைக்கு பிளேன் ஏறப் போகுது. எட்டு வருஷமா நிம்மதியா இருக்கு. நீ உன் பாரத்தை இறக்கறதுக்கு அது தலையில தூக்கி வைக்கப் போற."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. சொல்லாவிட்டால் பெரியம்மா நிம்மதியாகப் போவாள், டப்பாவில் எந்த வளைவு மண்ணையோ சுமந்துகொண்டு, தினம் அதன் முகத்தில் விழித்துக்கொண்டு. சொன்னால் எட்டு வருஷமும் போய்விடும், பதிலுக்குக் கொடுக்க ஒரே ஒரு காலை நேரம்தான் இருக்கிறது. எதைச் செய்தாலும் கொடுமை. அவள் சாப்பிடாமல் மேசையில் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குப் பெரியம்மா வாசலிலேயே நின்றாள். இஸ்திரி போட்ட துணி, கையில் டப்பா, ஒரு ஸ்பூன். பின் சீட்டில் ஏறிக்கொண்டு, பெட்டி இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாதாம், மகன் தராசு வாங்கி அனுப்பியிருக்கிறான், அந்தத் தராசே அரைக் கிலோ என்று பேசிக்கொண்டே வந்தாள். கடைத்தெரு முனையில் ரோடு பிரிகிறது. இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, வலப்பக்கம் கல்லுடைக்கிற ரோடு. பிரேக்கம்மா அங்கே வண்டியை நிறுத்தினாள். பின்னால் ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். அவள் வலப்பக்கம் திருப்பினாள்.

"வழி தெரியாத டிரைவர் கிடைச்சாளே எனக்கு" என்றாள் பெரியம்மா.

பிரேக்கம்மா கியரை மாற்றினாள். ஏற்றத்தில் ஏறி, சுவர் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இறங்கிப் போய்க் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு வைத்துவிட்டு, பின் கதவைத் திறந்து நின்றபடியே சொன்னாள். நீட்டி முழக்கவில்லை. சட்டைப் பொத்தான், சதுரத் திட்டு, மூன்று ஓட்டை, மலை. நான்தான் திருப்பினேன், நீங்கள் அன்றைக்கே கேட்டீர்கள், நான் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமையே தெரியும், சொல்லப் பயமாக இருந்தது.

பெரியம்மா உறையைப் பிரித்துச் சின்னப் படத்தை எடுத்தாள். படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். ரோட்டில் ஒரு ஜல்லி லாரி இறங்கிப் போனது.

"அப்ப எட்டு வருஷமா நான் யாருகிட்ட பேசிட்டு இருந்தேன்?"

பிரேக்கம்மா திறந்த கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"குழாய் ஒழுகறதெல்லாம் யாருகிட்டடி சொன்னேன்? எவன் கேட்டான் அதை?" பெரியம்மாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "என் கண்ணு ஆபரேஷனுக்கு முதல் நாள் அங்க வந்து எவ்வளவு நேரம் நின்னேன், ஞாபகம் இருக்கா? பயமா இருக்குன்னு உன்கிட்டகூட சொல்லல. அவருகிட்டதான் சொன்னேன்."

"இருக்கு பெரியம்மா."

"கதவைச் சாத்து. உன்னைப் பார்க்கப் பிடிக்கல."

சாத்தினாள். சுவரில் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிஷமோ கால் மணியோ, கடிகாரத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பிறகு கதவு திறந்தது. பெரியம்மா காரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, இடப்பக்க முன் கதவைத் திறந்து, பிரேக்கம்மாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கப்பா இந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தாரு?"

"ஆமாம் பெரியம்மா. இதே பக்கம்."

பெரியம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். முழங்கையை எடுத்து ஜன்னலில் வைத்தாள். கொஞ்சம் வெளியே நீட்டினாள். கைக்கு ஒரு முழ தூரத்தில் சுவர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, "இதுல எது பிரேக்கு?" என்றாள்.

"வலப்பக்கம் இருக்கறது."

பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதை மிதித்தாள். முழுசாக உள்ளே போகும் வரை மிதித்தாள். பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் பிரேக்கம்மா பார்க்காத அழுகை. அழுதுகொண்டே பேச ஆரம்பித்தாள், சுவரைப் பார்த்து, முதலிலிருந்து. எட்டு வருஷச் சமாச்சாரம். மகன் வெளிநாடு போனது, வீட்டு வரி ஏறியது, குழாய் ஒழுகியது, ஆள் வந்தது, மறுபடி ஒழுகியது, புரை விழுந்தது, பயந்தது, பயந்த மாதிரி ஒன்றும் ஆகாமல் போனது. பாதி விட்டுப்போனால், "இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்று பின்னால் போய் எடுத்து வந்தாள். வெயில் ஏறியது. பிரேக்கம்மா சுவரிலேயே உட்கார்ந்திருந்தாள், நடுவில் புகாமல்.

கடைசியில் அந்தப் பேச்சில் பிரேக்கம்மாவும் வந்தாள். "இந்தப் பொண்ணு இருக்காளே, எட்டு வருஷம் என்னைத் தப்பான எடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. நாளைக்குப் போறவகிட்ட சொல்லாமகூட இருந்திருக்கலாம். சொல்லிட்டா. நல்லவளா கெட்டவளான்னு எனக்குத் தெரியல, நீங்களே பார்த்துக்கங்க."

இறங்கி ஸ்பூனோடு சுவர் ஓரம் போனாள். மண் இல்லை. சுவர் அடி வரை தார் ஊற்றி, அதற்கு மேல் சிமென்ட் கட்டியிருந்தார்கள். ஸ்பூன் வளைந்ததுதான் மிச்சம். சுற்றிலும் பார்த்தவள் கண் சக்கரத்துக்கு அடியில் போனது.

"அந்தக் கல்லைக் குடு."

பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடலாம். பெரியம்மா சந்தோஷமாகப் போவாள். யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தத் தடவை பிரேக்கம்மாவுக்கு உண்மையைச் சொல்ல மூன்று நாள் ஆகவில்லை.

"அது இந்த எடத்துக் கல்லு இல்ல பெரியம்மா. எங்க வீடு கட்டினப்போ மிச்சம் ஆனது. நான் கொண்டு வந்து போட்டேன்."

"எப்போ?"

"பத்தொன்பது வருஷம் இருக்கும்."

"எதுக்கு?"

"வண்டி உருளாம இருக்க. பழகறவங்க பிரேக்கை விட்டுட்டாலும் இது நிறுத்திடும்."

பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்த எடத்துல பத்தொன்பது வருஷம் வண்டியை நிறுத்தியிருக்கு. குடு அதை. அன்னைக்கு இல்லாமப் போச்சு."

டப்பாவில் அது எங்கே நுழையும்? மடியில் வைத்துக்கொண்டாள், டயர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான கருங்கல், நாலு கிலோ தேறும். திரும்பும்போது பின் சீட்டுக்குப் போகவில்லை, முன்னாலேயே உட்கார்ந்தாள். கடைத்தெரு வந்தபோது ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. இருவர் காலும் ஒரே சமயத்தில் பிரேக்குக்குப் போயின. பெரியம்மா தன் காலைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "பெட்டியில நாலு கிலோ துணியை எடுத்துடணும். மகன் கத்துவான்" என்றாள். பிறகு, "முதல் ஞாயிறு உனக்கு ஒழியும்னா போய் நில்லு. பேசத் தெரியலைன்னா சும்மா நில்லு" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிரேக்கம்மாவும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் கூட்டத்தில் எழுதினாள். 'தண்ணீர்த் தொட்டி வளைவு தப்பு. படம் நேராகத்தான் இருந்தது. திருப்பியது நான்.' கூட இரண்டு படங்கள் போட்டாள். பிறகு சர்வேயர் மட்டும், 'கண்டுபிடித்தது யார்?' என்று கேட்டார். 'தையல்காரர்' என்று போட்டாள்.

வியாழன் காலை மருந்துக்கடைக்காரருக்கு மறுபடி ஏற்றப் பாடம். கல்லுடைக்கிற ரோட்டில் வண்டி ஓரம் கட்டி நின்றது. பிரேக்கம்மா இறங்கி, எதையும் யோசிக்காமல், நடு ஓட்டைக்குள் கையை விட்டாள். முழங்கை வரை உள்ளே போனது. ஒன்றும் தட்டுப்படவில்லை. கையை எடுக்க மனசில்லாமல் அப்படியே சாய்ந்து நின்றாள்.

மருந்துக்கடைக்காரர் பிரேக்கை மிதித்தபடி, முகமெல்லாம் வியர்த்து, ஜன்னல் வழியாகக் கேட்டார். "மேடம், கல்லு?"

"கல்லு ஊருக்குப் போயிருக்கு" என்றாள். "நீங்க காலை மட்டும் எடுக்காதீங்க."